நாடித் துடிப்பு கொலைகாரனா? 7 ஆண்டு கழித்து கேஸ் தலைகீழ்!

வீட்டுக்கு வீடு பி.பி. மெஷின் வந்துவிட்ட காலம் இது. கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால் காற்று ஏறி இறங்கும். மூன்று நம்பர் விழும்.

மேலே உள்ள இரண்டும் ரத்த அழுத்தம். எல்லோருடைய கண்ணும் அங்கேதான். அடியில் பொடியாக ஒரு மூன்றாவது நம்பர் இருக்கும். அதை யாரும் சட்டை செய்வது இல்லை.

அந்த மூன்றாவது நம்பர் மீதுதான் கொலைப்பழி விழுந்தது!

அது நாடித் துடிப்பு. சும்மா உட்கார்ந்து இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்கிற கணக்கு.

இந்த அடி கூடினால் ஆயுள் குறைகிறது. அந்த வேகமோ பிறக்கும்போதே பரம்பரையாக வந்து சேர்ந்துவிடுகிறது. 2016-ம் ஆண்டு, நெதர்லாந்து நாட்டில் குரோனிங்கன் நகரத்து ஆராய்ச்சிக் குழு இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

அப்பாவுக்கு எப்போதும் படபடவென்று அடித்துக்கொண்டு இருந்தது. ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகனுக்கும் அதே படபடப்பு. அப்படியானால் மகன் கதி? இந்தக் கேள்வியை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு 2016-ம் ஆண்டுச் செய்தி எப்படி இருந்து இருக்கும்?

2023-ல் அதே குழுவினர், மூன்று மடங்குக்கும் பெரிய படையோடு திரும்பி வந்தார்கள். முன்பு போட்ட குற்றச்சாட்டு நிற்கவில்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நடந்தது என்ன? விவரம் வருமாறு:-

தினமும் லட்சம் அடி

வளர்ந்த மனிதனுக்கு ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அடித்தால் சரி என்பது டாக்டர்களின் கணக்கு. 70 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1 லட்சத்து 800 அடி. லீவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பிறந்த குழந்தைக்கு 100-ஐத் தாண்டி ஓடும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 50, 40 என்றுகூட இறங்கிவிடும். அவர்கள் திடகாத்திரமாகத்தான் இருக்கிறார்கள்.

இந்த வேகத்தை முடிவு செய்வது யார்? மூளை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அது பாதி உண்மை. இதயத்தின் வலது மேல் அறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. தாளம் போடுகிற ஆள் அதுதான்.

அதைக் கண்டுபிடித்த கதையே வேடிக்கை. 1906-ம் ஆண்டு கோடைக்காலம். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துக் கிராம வீடு ஒன்றில், ஆர்தர் கீத் என்ற உடல்கூறு நிபுணரிடம் மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர் வேலை பார்த்துக்கொண்டு இருந்தார். மண்ணுக்குள் வளை தோண்டும் 'மோல்' என்ற பிராணியின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் மாணவர். அதுவரை யாரும் பார்க்காத ஒரு திசு கண்ணில் பட்டது. மற்ற பிராணிகளின் இதயத்தில் தேடினார்கள். அங்கேயும் இருந்தது. மறு ஆண்டு இருவரும் சேர்ந்து உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இந்தக் கணுவைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 அடி அளவுக்கு விரட்டும். மூளையில் இருந்து வரும் வேகஸ் நரம்புதான் ஓய்வு நேரத்தில் பிரேக் போட்டு 70, 60 என்று இறக்கி வைக்கிறது. மூளையின் பங்கு அந்த பிரேக்தான்.

பரம்பரையில் வருவது உண்மையா?

உண்மைதான். இரட்டைப் பிள்ளைகளை வைத்தும், குடும்பம் குடும்பமாக எடுத்தும் நடந்த ஆராய்ச்சிகளில், ஆளுக்கு ஆள் துடிப்பு மாறுவதில் கால் பங்கில் இருந்து பாதிக்கும் மேல் வரை மரபணுவின் வேலை என்று தெரியவந்தது.

இத்தாலியில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறையில் 27 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேருக்கு சராசரி 52 அடி. மீதி 12 பேருக்கு 73. ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே ரத்தம், ஆனால் 20 அடி வித்தியாசம்!

ஆராய்ந்ததில் எச்.சி.என்.4 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி இருந்தது பிடிபட்டது. சைனஸ் கணுவுக்குள் மின்சாரம் நுழையும் கதவைச் செய்து கொடுப்பது இந்த மரபணு. 1979-ம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த மின்சாரத்தைப் பார்த்தபோது அது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதால் 'வேடிக்கை மின்சாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான்.

மெதுவாக அடித்ததால் அந்த 15 பேருக்கும் தொந்தரவு ஏதாவது உண்டா? கிடையாது. இந்த விவரம் 2006-ம் ஆண்டு வெளிவந்தது.

ஐஸ்லாந்தில் கதை வேறு. அங்கே 2011-ல் எம்.ஒய்.எச்.6 என்ற மரபணுவில் ஓர் அபூர்வ மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அது இல்லாதவர்களில் 100-க்கு 6 பேருக்கு வாழ்நாளில் சைனஸ் கணு சோர்ந்துபோகும். இருப்பவர்களில் 100-க்கு 50 பேருக்கு! கணு சோர்ந்துபோனால் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைக்கவேண்டி வரும்.

ஆக, துடிப்பு குடும்பச் சொத்தாக வருவதில் சந்தேகம் இல்லை. வேகமான துடிப்பு ஆளைக் கொல்லுமா என்பதுதான் வழக்கு.

பாரிஸ் ஊழியர்கள்

சந்தேகம் ஒரே நாளில் கிளம்பியது அல்ல. பழைய சாட்சிகள் நிறைய இருந்தன.

பாரிஸ் நகரத்தில் அரசு வேலை பார்த்த 5 ஆயிரத்து 713 ஆண்களை 1967 முதல் 1972 வரை பரிசோதித்தார்கள். எல்லோரும் 42 முதல் 53 வயது வரை. இதயநோய் அறிகுறி யாருக்கும் இல்லை. சைக்கிள் மிதிக்க வைத்து, துடிப்பைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு 23 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். போலீஸ்கூட இத்தனை வருஷம் ஓர் ஆளை விடாமல் கவனித்து இருக்காது.

அதற்குள் 81 பேர் இதயக் கோளாறால் திடீர் என்று செத்துப்போனார்கள். பழைய கணக்கைப் புரட்டினார்கள். ஓய்வு நேரத்தில் 75 அடிக்கு மேல் இருந்தவர்களுக்கு, மாரடைப்பால் திடீர் சாவு வரும் ஆபத்து ஏறக்குறைய 4 மடங்கு இருந்து இருக்கிறது. உடற்பயிற்சி செய்தபோது துடிப்பு சரியாக ஏறாதவர்களுக்கு ஆபத்து அதைவிட அதிகம். 2005-ல் வெளிவந்த இந்த விவரம் டாக்டர்களை உலுக்கியது.

ஆனால் ஒரு கோணல் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ஒருவன் நின்றான் என்றால் அவன்தான் கொலைகாரனா? தகவல் சொல்ல வந்தவனாகவும் இருக்கலாம்.

சிகரெட் பிடித்தால் துடிப்பு கூடும். உடம்பை அசைக்காமல் இருந்தால் கூடும். ரத்த சோகை, தைராய்டு கோளாறு, காய்ச்சல் எல்லாவற்றிலும் கூடும். இதயம் உள்ளுக்குள் பலவீனப்பட ஆரம்பித்தாலும், குறைகிற ரத்தத்தை ஈடுகட்ட வேகமாக அடிக்கும். ஆளைக் கொன்றது துடிப்பா, துடிப்பைக் கூட்டிய நோயா? எப்படிப் பிரிப்பது?

குடவோலைத் தந்திரம்

இங்கேதான் மரபணுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டில் உள்ள குடவோலை முறை பள்ளிக்கூடப் பாடத்தில் வரும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். பணக்காரன், செல்வாக்குள்ளவன் என்று பார்த்து எடுக்க அவனுக்குத் தெரியாது.

கருவிலும் அதேதான் நடக்கிறது. அப்பாவின் மரபணுவில் எந்தப் பாதி வரும், அம்மாவுடையதில் எந்தப் பாதி வரும் என்பது குலுக்கல். வேகத் துடிப்பு மரபணு யாருக்கு விழுந்தது என்பதற்கும், பின்னால் அவன் சிகரெட் பிடிக்கப்போகிறானா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே குலுக்கலில் 'வேக ஓலை' அதிகம் விழுந்தவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்றால், துடிப்புதான் குற்றவாளி என்று சொல்லலாம்.

யோசனை பிரமாதம். ஆனால் லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயது வரை உள்ள 5 லட்சம் பேர் ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்து வைத்து இருந்தார்கள். 'யு.கே. பயோபேங்க்' என்று பெயர். வழி திறந்தது.

2013-ல் வேறொரு சர்வதேசக் கூட்டணி, 1 லட்சத்து 81 ஆயிரம் பேரை ஆராய்ந்து, துடிப்பைப் பாதிக்கும் மரபணு இடங்கள் 21 என்று சொல்லி இருந்தது. 2016-ல் குரோனிங்கன் குழு 2 லட்சத்து 65 ஆயிரத்து 46 பேரை எடுத்து, 64 இடங்கள் என்றது.

அத்தோடு விட்டு இருந்தால் பரவாயில்லை. மரபணுக் கணக்குப்படி துடிப்பு 5 கூடினால் சாவு ஆபத்து 20 சதவீதம் கூடுகிறது என்றார்கள். ஆண்களுக்கு ஆயுளில் 2.9 ஆண்டும், பெண்களுக்கு 2.6 ஆண்டும் குறையும் என்று நாள் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! ஜோசியர்கள்கூட இப்படிப் புள்ளி வைத்துச் சொல்வது இல்லை.

துப்பு துலங்கியது

2023-ல் மறு விசாரணை. இந்தத் தடவை 8 லட்சத்து 35 ஆயிரத்து 365 பேர். துடிப்போடு சம்பந்தப்பட்ட மரபணு மாற்றங்கள் 493 பிடிபட்டன.

அந்த 493-ஐயும் வைத்துக்கொண்டு சாவுக் கணக்கைப் பார்த்தால், சம்பந்தத்தைக் காணோம்! நேர்க்கோடாகப் பார்த்தார்கள், வளைகோடாகப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

அப்படியானால் 2016-ல் தெரிந்தது என்ன? இந்தக் குழுவினரைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். மூடி மறைக்காமல் தங்கள் பழைய கணக்கையே கூண்டில் ஏற்றினார்கள். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வித்தியாசங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பிசகு அகப்பட்டது.

துடிப்பைப் பாதிக்கும் மரபணு ஒவ்வொன்றும் பலவீனமான சாட்சி. பெரும்பாலானவற்றின் பலம் அரை அடிகூடத் தேறாது. அப்படிப்பட்ட சாட்சிகளை ஒரு கூட்டத்தில் பொறுக்கி எடுத்து, அதே கூட்டத்தின் சாவையே அவர்களை வைத்து விசாரித்தால் என்ன ஆகும்? அந்தக் கூட்டத்தில் முன்பே இருந்த சிகரெட்டும் சீக்கும் மரபணு வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். பழைய சந்தேகமே புதிய ஆதாரம் மாதிரி திரும்பி வரும். பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது அவர்களின் முடிவு.

ஒரே தெருக்காரர்களையே சாட்சியாகவும் பஞ்சாயத்தாராகவும் உட்கார வைத்த கதைதான்.

மாத்திரை முன்பே சொன்னது

உண்மையில் இதற்கு ஒரு தடயம் 2014-லேயே கிடைத்து இருந்தது.

ஐவாபிரடின் என்று ஒரு மாத்திரை உண்டு. மேலே சொன்ன 'வேடிக்கை மின்சாரத்தை' அடைத்து, துடிப்பை மட்டும் குறைக்கும். இதயத்தில் ரத்தக் குழாய் அடைப்பு இருந்தும் இதயம் பலவீனம் ஆகாத 19 ஆயிரத்து 102 பேரை வைத்து அந்த மாத்திரையைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை.

மாவு மாத்திரைக்காரர்களுக்குத் துடிப்பு 70 என்று நின்றபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 60 என்று இறங்கியது. ஆனால் இதயச் சாவும் மாரடைப்பும் குறையவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் 6.8 சதவீதம், சாப்பிடாதவர்களில் 6.4 சதவீதம். பத்து அடி குறைத்தும் பலன் பூஜ்யம்!

அதே மாத்திரை, இதயம் பலவீனப்பட்டுத் துடிப்பும் வேகமாக இருந்தவர்களுக்கு 2010-ல் நல்ல பலன் கொடுத்து இருந்தது. ஆகவே மாத்திரை மோசம் என்று அர்த்தம் இல்லை. யாருக்கு, எதற்காக என்பதில்தான் விஷயம். வேகமாக அடிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் தானாகவே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

முழு விடுதலை கிடையாது

துடிப்பு சுத்தமாக விடுதலை ஆகிவிட்டதா என்றால், இல்லை. பரம்பரையாக வேகத் துடிப்பு உள்ளவர்களுக்கு, இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் ஒருவகை தசை நோய் வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று அதே 2023 ஆராய்ச்சி சொல்கிறது. அந்தச் சின்னக் கேஸ் நிலுவையில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' நோயும், அதனால் மூளைக்கு ரத்தக் கட்டி போய் வரும் பக்கவாதமும் வேகத் துடிப்பு மரபணு உள்ளவர்களுக்குக் குறைவு! ஒரு பக்கம் நஷ்டம், மறு பக்கம் லாபம். கூட்டிக் கழித்தால் ஆயுள் கணக்கில் ஒன்றும் தெரியவில்லை.

நம் பக்கத்து ஆதாரம்

இந்த லட்சக்கணக்கான ஆட்களில் பெரும்பாலானவர்கள் ஐரோப்பிய வம்சத்தினர். நம் நாட்டவர் இதயத்துக்கும் ஒரு பரம்பரைப் புகார் உண்டு. அதன் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் திரும்பியது.

2009-ம் ஆண்டு, ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தின் தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி ஆகியோர் அடங்கிய குழு ஒரு திடுக்கிடும் விவரத்தை வெளியிட்டது. இதயத் தசைக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. இந்தியத் துணைக் கண்டத்தில் 100-க்கு 4 பேருக்கு இப்படி. அவர்களுக்கு இதயம் தளரும் ஆபத்து ஏறக்குறைய 7 மடங்கு என்று கணக்கிட்டார்கள். கோடிக்கணக்கான பேர் சம்பந்தப்பட்ட விஷயம்!

2020-ல் பிரிட்டனில், தெற்காசிய வம்சத்து நோயாளிகளை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். இதயத் தசை தடித்துப்போகும் நோயைப் பொறுத்தவரை, காணாமல் போன 25 எழுத்து உண்மைக் குற்றவாளி அல்ல என்று தெரிந்தது. அதே மரபணுவில், சிலருக்கு மட்டும் அதோடு கூடவே வரும் வேறொரு ஒற்றை எழுத்து மாற்றம்தான் ஆசாமி. 25 எழுத்து குறைந்த பெரும்பாலானவர்களிடம் அந்த ஒற்றை எழுத்து கிடையாது. கூடப்போன குற்றத்துக்காக மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

இந்த நோய் மூன்றாவது நம்பரில் தெரியாது. 72 என்று சமர்த்தாக அடித்துக்கொண்டே தசை தடித்துக்கொண்டு இருக்கலாம். அண்ணன், தம்பி, அப்பா என்று நெருங்கிய ரத்த உறவில் இளம் வயதில் திடீர் சாவு நடந்த வீடாக இருந்தால், அல்லது இந்த நோய் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், மற்றவர்கள் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் டாக்டர்கள் சொல்லும் வழி.

எண்ணுவது எப்படி?

மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எண்ணினால் கணக்கு தப்பு. டீ குடித்துவிட்டு, சிகரெட்டை அணைத்துவிட்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு எண்ணினாலும் தப்பு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தில் முழுதாக 60 வினாடி எண்ண வேண்டும். பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்குவது சோம்பேறிக் கணக்கு. ஓர் அடி தவறினால் ஆறு அடி தவறும்.

நாலைந்து நாள் எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டால் சொந்த நம்பர் எது என்று தெரிந்துவிடும். நேற்றும் 82, போன மாதமும் 82, அப்பாவுக்கும் 82 என்றால் அது பெரும்பாலும் வீட்டுச் சொத்து. தினமும் நடந்தால் சில அடி இறங்கும்.

போன வாரம் வரை 68. இந்த வாரம் உட்கார்ந்த இடத்திலேயே 98, 104 என்று நிற்கிறது. இது வேறு கேஸ். காய்ச்சலா, ரத்த சோகையா, தைராய்டா, இதயமா என்று டாக்டர்தான் விசாரிக்கவேண்டும். கூடவே மயக்கமோ, மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ வந்தால் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான்.